வெயிலில் நிற்கும் வான்

ஓகஸ்ட் 4, வெள்ளி
ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஓமந்தைகூடத் தாண்டவில்லை, வானுக்குள் நான் பூட்டிய கம்ப்யூட்டரின் திரை மூலையில் அந்தச் சிவப்பு வெப்பமானி. கொஞ்ச நேரத்தில் வரைபடமும் பாட்டும் ஒன்றாக உறைந்துவிட்டன. அப்பா கண்ணை மூடியபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். தவில் நின்ற பிறகும் விரல் நிற்கவில்லை.

ஓகஸ்ட் 5, சனி
முழு நாளும் இதோடு மினக்கேடு. ராஸ்பெரி பை 4 என்ற இந்தச் சின்னக் கம்ப்யூட்டர், 80 பாகை வந்தால் தானே வேகத்தைக் குறைக்கும். 85இல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வெயில் விழும் டாஷ்போர்டுக்குள் கொண்டுபோய் வைத்தவன் நான்தானே.

பெரிய ஃபான் பூட்டச் சொல்கிறான் மச்சான். பூட்டிக் கிடக்கும் வானுக்குள் காற்றே 60 பாகையில் நிற்கும்போது ஃபான் எதை ஊதும்? அந்த 60ஐத்தான். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக்க ஃபானால் முடியாது. இதை அவனுக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன். உள்ளே டயலிசிஸ் மெஷினில் அப்பாவுக்கு நாலு மணித்தியாலம், வெளியே வெயிலில் வானுக்கும் நாலு மணித்தியாலம்.

மூடியைக் கழற்றினேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையில் எங்கள் கிரவல் ரோட்டின் செம்புழுதி அப்பிக் கிடந்தது. பல் துலக்கும் பிரஷ்தான் கைகொடுத்தது.

ஓகஸ்ட் 8
83 பாகை. புழுதி மட்டும் காரணமில்லை. அப்பாவின் கால் வீக்கமும் வற்றவில்லை.

ஓகஸ்ட் 9
பெட்டியை டாஷ்போர்டிலிருந்து எடுத்து முன் சீற்றுக்கு அடியில் வைத்தேன். ஏசி காற்றில் ஒரு கிளைக் குழாய் அதற்கு. நேரே போர்டின் மேல் விடப் பயம்: குழாய் வாய் வியர்த்து ஒரு சொட்டு விழுந்தால் எல்லாம் போச்சு. பக்கவாட்டில் விட்டு, வாயில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 11
டைமர் ரிலே போட்டாயிற்று. சாவி திருப்பியதும் கம்ப்யூட்டர் எழும்பாது. கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்சத் தூரம் ஓடி, உள்சூடு போய், ஏசி பிடிக்க வேண்டும். பத்து நிமிடம்.
"என்ன தம்பி, இன்னும் தொடங்கேல்லையோ?"
ஓமந்தை வரைக்கும் இதையே கேட்டார். 71.

ஓகஸ்ட் 15
மடுத் திருவிழா. வீதி நிறைய வாகனம். நிழல் கிடைக்கவில்லை. முறிகண்டியில் கச்சான் வாங்கினேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்பா இறங்கவில்லை.

ஓகஸ்ட் 18
முன் கமெராவின் வீடியோப் பதிவை நிறுத்திவிட்டேன். சூட்டில் பெரிய பங்கு அதனுடையதுதானாம்! வெறும் பாட்டுக்கு 64தான். இத்தனை நாள் குழாயோடு மல்லுக்கட்டினேன்.
மாங்குளம் வரைக்கும் தடையில்லாமல் ஓடியது, 1980களில் அப்பா தவில் வாசித்த அந்தக் கோயில் இரவின் பதிவு முழுவதும். தாளம் போடவில்லை. நித்திரை என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 22
புளியமரத்தடி காலியாக இருந்தது. விட்டேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடவில்லை.

ஓகஸ்ட் 23, இரவு
வானுக்குள் படுத்திருக்கிறேன். 44.