பழைய புல்லட்டில் பேட்டரியை இடம் மாற்றியது: தகர வேலை ஒரு நாள், ஒயர் வேலை மூன்று நாள்

காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ கஸ்டம் பண்ண எடுத்தால், முதலில் கழற்றப்படுவது பக்கவாட்டு டூல் பாக்ஸ்கள்தான். சீட்டுக்குக் கீழே முக்கோணம் வெறுமையாக, அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரிய வேண்டும். பார்க்க அழகுதான், ஆனால் பெட்டிக்குள் இருந்த பேட்டரிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பேட்டரியே இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பாயிண்ட் (கரண்டைத் துண்டித்துப் பொறி வர வைக்கும் சுவிட்ச்), காயில் வைத்த இந்த எஞ்சினுக்கு இக்னிஷன் கரண்ட் பேட்டரியிலிருந்துதான் வருகிறது.

நாங்கள் எடுத்தது 12 வோல்ட், கிக்கர் மட்டும் உள்ள வண்டி. செல்ஃப் மோட்டார் இல்லாததால் 14 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியின் கனம் தேவையில்லை. ஸ்கூட்டர்களில் வரும் 12 வோல்ட் 5 ஏ.ஹெச். சீல்டு பேட்டரி போதும். அளவு ஏறக்குறைய 113 x 70 x 105 மி.மீ., எடை இரண்டு கிலோவுக்குள். ஆசிட் ஊற்றும் பழைய பேட்டரி நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், வென்ட் டியூப் வெளியே போக வேண்டும். சீல்டு பேட்டரியைச் சாய்த்தோ படுக்க வைத்தோ வைக்கலாம், தலைகீழாக மட்டும் கூடாது. லித்தியம் இன்னும் சின்னது, ஆனால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டர் எத்தனை வோல்ட் வரை விடுகிறது என்று அளக்காமல் அதைத் தொடக் கூடாது. 15 வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரி போச்சு.

இடம் என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று, சீட்டின் பின் கூம்புக்குள். வேலை சுலபம், ஆனால் எடை உயரத்தில் போய் உட்காரும், கேபிளும் நீளும். இன்னொன்று, கியர்பாக்ஸுக்குப் பின்னால், டயருக்கு முன்னால் உள்ள இடைவெளி. எடை தாழ்வாக இருக்கும், வெளியிலிருந்தும் தெரியாது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். பேட்டரி உட்காரும் ட்ரேயை, பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் மேலேயே வெல்டு வைத்துவிடுகிறார்கள் சிலர். அது வேண்டாம். சக்கரம் குதிக்கும்போதெல்லாம் பேட்டரியும் கூடக் குதிக்கும், ஒயர் ஒவ்வொரு பள்ளத்திலும் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்துவிடும். ட்ரே ஃபிரேமோடுதான் இருக்க வேண்டும்.

தகரத்தை வெட்டுவதற்கு முன் தெர்மகோலில் பேட்டரி அளவுக்கு ஒரு கட்டை வெட்டி, சுற்றிலும் 3 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டி, இடத்தில் வைத்துப் பாருங்கள். பின் ஷாக் அப்சர்பர் இரண்டின் கீழ் போல்ட்டையும் கழற்றி, சக்கரத்தை எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு தூக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: செயினை டைட் வைக்கும் ஸ்னெயில் கேமைத் திருப்பி, சக்கரத்தை முன்னுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். புதுச் செயின் போடும் அன்று சக்கரம் அங்கேதான் இருக்கும். எங்கள் கட்டை முதல் தடவை நன்றாக இடம் விட்டுத்தான் நின்றது. கேமைத் திருப்பியதும் டயருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. பேட்டரியை நெட்டுக்கு நிறுத்தாமல், அகலமான பக்கம் டயரைப் பார்க்கும்படி குறுக்கே திருப்பியபோது 30 மி.மீ. கிடைத்தது. 25-க்குக் குறையக் கூடாது. இடது பக்கம் செயின், வலது பக்கம் சைலன்சர். சைலன்சரிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். எஞ்சின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயின் வாய் ட்ரேக்கு மேலே திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் புகை டெர்மினலில் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும்.

ட்ரேக்கு 2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஷீட். உள்ளளவு 120 x 77, அதாவது ரப்பருக்கும் இடம் விட்டு. அடியில் 8 மி.மீ. துளை நான்கு, தண்ணீர் வடிய. டயர் பக்கச் சுவர் பேட்டரியின் முழு உயரத்துக்கும் வேண்டும், மழையில் சேறு நேராக அங்கேதான் அடிக்கும். ஃபிரேமில் வெல்டு வைக்கவில்லை. டூல் பாக்ஸைப் பிடித்திருந்த போல்ட் இடங்களில் 4 மி.மீ. பட்டை கொடுத்து, ரப்பர் புஷ், நைலாக் நட்டோடு எம்8 போல்ட். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பேட்டரி நகர்வது ஆர்.சி.யில் ஏறாது, ஆனால் ஃபிரேமை அறுத்து ஒட்டுவது வேறு கதை. வண்டியில் வேறெங்காவது வெல்டிங் இருந்தால் பேட்டரி, ரெகுலேட்டர் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிட்டுத்தான் ஹோல்டரைத் தொட வேண்டும்.

இனி ஒயர். முதலில் கணக்கு. எச்4 பல்பு 60 வாட் என்றால் 5 ஆம்பியர், காயில் 3 முதல் 4, பிரேக் லைட் 21 வாட்டுக்கு ஏறக்குறைய 2, இண்டிகேட்டர் ஒரு பக்கம் 20 வாட்டுக்கு இன்னொரு 2 வரை. எல்லாம் சேர்ந்தால் 12, 13 ஆம்பியர். அதற்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர். 0.75 ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்குக் கால் வோல்ட் அளவு போய்விடும், 2.5-இல் 0.07 வோல்ட்தான். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒயரைப் போடாதீர்கள். அதில் இழைகள் தடிமன், எண்ணிக்கை குறைவு. ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். வண்டி ஒயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும். ஒயர் முனையில் மாட்டும் லக்கை நல்ல கிரிம்பிங் ப்ளையரால் அழுத்துங்கள். ஈயம் வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, சரியாக அங்கேயே ஒடியும்.

ஃப்யூஸ் பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. முதல் ஓட்டத்திலேயே எங்கள் ஃப்யூஸ் போனது. சீட் போல்ட்டின் மரை ஒயர் ஸ்லீவைத் தின்று செம்பைத் தொட்டிருந்தது. ஃப்யூஸ் அந்தப் பக்கம் மேலே ஹெட்லைட் கேசில் இருந்திருந்தால் சீட் ஃபோம் பற்றியிருக்கும்.

எர்த் பக்கம்தான் உண்மையான தலைவலி. ஃபிரேம் புதிதாக பவுடர் கோட்டிங் ஆகி வந்திருந்தது. பளபளப்பான அந்தப் பூச்சின் மேல் லக்கை வைத்து முறுக்கினால் கரண்ட் போல்ட் மரை வழியாகத் தட்டுத்தடுமாறிப் போகும். இரும்பு தெரியச் சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் கேஸ் போல்ட் ஒன்றுக்கு நேராகத் தனிக் கேபிள். ஹெட்லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹேண்டில் பேரிங் குண்டுகளின் கிரீஸ் வழியாகத்தான் அது எர்த் தேடும். வண்டி ரொம்பப் பழசு, லூகாஸ் காலத்து ஒயரிங் என்றால் ப்ளஸ் எர்த்தாக (ப்ளஸ் முனை ஃபிரேமோடு இணைந்ததாக) இருக்கலாம். பழைய இணைப்பைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். எதுவானாலும் கழற்றும்போது எர்த் பக்கம் முதலில், மாட்டும்போது கடைசியில். இல்லையென்றால் ஸ்பானர் ஃபிரேமில் பட்ட நொடி பொறி பறக்கும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணினால் லைட் பளிச்சென்று எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ரெகுலேட்டர் முனையில் 14.3 வோல்ட், பேட்டரியில் 13.6. ரெகுலேட்டர் தன் வாசலில் உள்ள வோல்ட்டைத்தான் பார்க்கும். பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொள்ளும், பேட்டரி என்றைக்கும் முக்கால் வயிறோடு கிடந்து சில மாதத்தில் சாகும். 0.7 வோல்ட் எங்கே போனது? மீட்டரின் ஒரு முனை பேட்டரி ப்ளஸ், மறுமுனை ரெகுலேட்டர் ப்ளஸ்: 0.5. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் கேஸுக்கும் நடுவே: 0.2. முதலாவதற்குக் காரணம் பழைய ஒயர் கட்டில் (ஹார்னஸ்) பச்சை பிடித்த, குண்டு வடிவ முனை உள்ள ஒரு புல்லட் கனெக்டர் (புல்லட்டில் புல்லட் கனெக்டர்தான் எப்போதும் எமன்). இரண்டாவது, அரைகுறையாகச் சுரண்டிய பூச்சு. இரண்டையும் சரிபண்ணியதும் 0.08, 0.04. பேட்டரியில் 14.2 வந்தது.

பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா, வெளியே வருகிறதா என்று காட்டும் அம்மீட்டரை மறக்கக் கூடாது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஹெட்லைட் போட்டால் முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். ப்ளஸ் பக்கம் போனால் அம்மீட்டரின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. அசையவே இல்லை என்றால் புது ஒயர் அம்மீட்டரைச் சுற்றிக்கொண்டு நேராக லோடுக்குப் போயிருக்கிறது.

பேட்டரியை ரப்பர் பட்டையால் கட்டினோம். இரும்புப் பட்டை போடுவதானால் டெர்மினல் இரண்டுக்கும் ரப்பர் மூடி கட்டாயம். கேபிளில் கொஞ்சம் தொய்வு விடுங்கள், விறைப்பாக இழுத்தால் அதிர்வில் டெர்மினல் வேரோடு விரிசல் விடும். 200 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி பார்த்தோம். ட்ரேயின் நான்கும் அப்படியே இருந்தன. எஞ்சின் கேஸ் எர்த் போல்ட் மட்டும் கால் சுற்று லூஸாகியிருந்தது.