வெயில் மீட்டரும் பத்து நிமிட ஓய்வும்

"முப்பத்திரண்டை முப்பத்தொண்ணுன்னு எழுதினா யாருக்குத் தம்பி நட்டம்?" என்று, வெயில் மீட்டர் காட்டிய எண்ணை நான் படிவத்தில் எழுதும்போது, கட்டுமான சைட்டில் கம்பி கட்டும் குழுவின் மூத்தவர் கேட்டார். "அப்படியெல்லாம் எழுத முடியாதுண்ணே" என்று சொல்லி எல்லாரையும் ஓய்வுக் கூடாரத்துக்கு இறங்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் முடிந்துபோன பேச்சு. சேஃப்டி வேலையில் இருப்பவர்கள் இதைவிடக் கடுமையான வார்த்தைகளை நாள்தோறும் கேட்கிறோம். ஹெல்மெட் பட்டையை மாட்டச் சொன்னதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனாலும் இந்தக் கேள்வியை மட்டும் என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அவர் என்னைப் பொய் எழுதச் சொன்னார் என்று அன்று எடுத்துக்கொண்டேன். கணக்குக் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதி சைட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். வெயில் மீட்டர் 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33 என்றால் 15 நிமிடம். அரியலூரிலும் பெரம்பலூரிலும் 40 டிகிரி வெயிலில் நின்று பழகியவர்களுக்கு இந்த எண்களைக் கேட்டால் சிரிப்புதான் வரும். அந்த 2023 மே மாதத்தில் அங் மோ கியோவில் பதிவான 37 டிகிரி, 1983ஆம் ஆண்டின் உச்ச அளவைச் சமன் செய்து பெரிய செய்தியானபோதும் அவர்கள் அப்படித்தான் சிரித்தார்கள். ஆனால் முக்காலியில் கருப்பு உருண்டையோடு நிற்கும் அந்த மீட்டர் காற்றின் சூட்டை மட்டும் அளப்பதில்லை. அதன் கணக்கில் பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழின், அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின், அளவு, இரண்டு பங்கு உருண்டை வாங்கும் வெயில், ஒரு பங்குதான் நாம் வழக்கமாகச் சொல்லும் வெப்பநிலை. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டங்களில் இதை நான் விளக்காத வாரமில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் மின்னல் எச்சரிக்கை ஒலித்து மேல்தள வேலை நின்றது. மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. பலகையிலும் கம்பியிலும் தேங்கிய நீர் ஆவியாகி எழும்ப, பதினொரு மணிக்கே மீட்டர் 32ஐத் தாண்டியது. மறுநாள் காலை கான்கிரீட். அதற்கு முன், மாலைக்குள் ஆர்டிஓ (சைட்டில் கட்டுமானத்தைக் கண்காணிக்கும் தொழில்நுட்ப அதிகாரி) வந்து கம்பிகளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குடியிருப்பு பக்கத்தில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இடமில்லை. சனி தவறினால் திங்கள்தான். இந்த நெருக்கடி எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் பக்க நியாயம் எளிது. வெயிலில் மயங்குபவன் முதலில் விழுவதில்லை. பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வான், தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பான். அதனால்தான் ஓய்வை அவரவர் விருப்பத்துக்கு விடக்கூடாது. அந்தக் குழுவில் ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு பையன்கள் இருந்தார்கள். உடம்பு இந்த ஈரத்துக்குப் பழகுவதற்கே ஒரு வாரமாவது வேண்டும். பெரியவர் தாங்குவார் என்பதற்காக அவர்களையும் தாங்கச் சொல்ல முடியாது. இன்றைக்கு அதே எண் வந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

ஆனால் கூடாரத்தில் உட்கார்ந்து, நனைந்த கையுறையைப் பிழிந்து தொடையில் விரித்துக்கொண்டே அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. "உக்காந்த நேரத்தை எல்லாம் ராத்திரி நின்னு கட்டணும் தம்பி. முதல் லாரி போயிடும்."

பத்து நிமிடம் என்று நாம் சொல்வது பத்து நிமிடமே இல்லை. இடுப்பில் மாட்டிய ஹார்னஸைக் கழற்றி, சாரக்கட்டுப் படியில் வரிசையாக இறங்கி, உட்கார்ந்து எழுந்து, மறுபடி ஏறிக் கொறடைக் கையில் எடுப்பதற்குள் இருபது நிமிடமாகிவிடும். மதியம் முழுவதும் மீட்டர் இறங்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். போன நேரத்துக்காக யாரும் வேலையின் அளவைக் குறைக்கவில்லை. இரவு ஆட்களை ஏற்றிப்போகும் முதல் லாரியைத் தவறவிட்டவர்கள், தங்கும் டார்மிட்டரிக்குப் போய்ச் சேரும்போது அடுப்புக்கு வரிசை நிற்கும். சமைக்க நேரமில்லாதவர்கள் மறுநாள் கேட்டரிங் பொட்டலத்தை நம்ப வேண்டும். விடியுமுன் கட்டிய அந்தச் சாம்பார் மதியம் திறக்கும்போது புளித்திருக்கும். பாதியைக் கொட்டிவிட்டு, சரியாகத் தூங்காத கண்ணோடு மீண்டும் மேல்தளம் ஏறுபவனுக்குத்தான் வெயில் சீக்கிரம் தாக்கும். அப்படியானால் வெள்ளிக்கிழமை நான் தவிர்த்த ஆபத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தேனா? இது மிகைப்படுத்தல் என்றும் எனக்கே படுகிறது. பத்து நிமிட ஓய்வு கொடுக்காமலிருந்தால் அவர்கள் நேரத்தோடு போயிருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வேறு ஏதாவது வேலையை அவர்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.

அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் சைட் மேலாளரிடம் பேசினேன். மேல்தளக் கம்பி வேலையை முடிந்தவரை காலையில் வைத்துக்கொள்ளவும், மீட்டர் ஏறிய நாள்களில் கான்கிரீட்டைத் தள்ளிப்போடவும் கேட்டேன். அவர் கெட்டவரில்லை. ஓய்வு நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். அட்டவணையைப் பற்றி மட்டும் பார்க்கலாம் என்றார். கிடைத்தது ஒன்றுதான்: கிரேனில் ஏற்றி மேல்தளத்திலேயே சிறு பந்தலும் மின்விசிறியும் வைக்க அனுமதி. ஏறி இறங்கும் நேரம் மிச்சமானது. பெரியவர் அதைப் "பரவாயில்லை" என்றார். கீழே உள்ள கூடாரத்தின் குளிர்ச்சி அங்கே இல்லை. பாதுகாப்புக் கண்ணால் பார்த்தால் அது ஒரு படி குறைவான ஓய்வு. அவருடைய நேரத்துக்காக என் விதியைக் கொஞ்சம் நீர்க்கவிட்டேன் என்றும் இதைச் சொல்லலாம்.

நாங்கள் நிரப்பும் படிவத்தில் மீட்டர் அளவுக்கு ஒரு கட்டம், ஓய்வு தொடங்கிய நேரத்துக்கு ஒன்று, முடிந்த நேரத்துக்கு ஒன்று. குழு சைட்டை விட்டுப் புறப்பட்ட நேரத்துக்குக் கட்டமில்லை. அதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, நேரக்கணக்கு சம்பளப் பிரிவின் வேலை, சேஃப்டி அதில் தலையிட வேண்டாம் என்றார்கள். முறைப்படி அது சரி. மறுநாள் காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் கண் சிவந்து நிற்பவரை மேலே அனுப்பலாமா என்று முடிவு செய்து கையெழுத்திட வேண்டியவன் நான் என்னும்போது மட்டும், அவர் முந்தின இரவு எத்தனை மணிக்குப் போனார் என்பது எப்படி என் வேலை இல்லாமல் போகும் என்று விளங்கவில்லை.