வீடு என் பெயரில், சீவிய உரித்து அம்மாவுக்கு

இலங்கையின் ஹட்டனில் எங்கள் வீடு அம்மா பெயரில் இருந்தது. மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு விட்ட கடை. அதை எனக்கு எழுதிவைக்கலாம் என்று ஆரம்பித்தது அம்மாதான். ஆனால் சட்டத்தரணி முன் உட்கார்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எழுதிக் குடுத்த பொறகு கட வாடக யாருக்கு?"

உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் அந்தச் சட்டத்தரணியே. சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத்தான் அம்மா" என்றார். நன்கொடை உறுதியிலேயே, அதாவது கொடுக்கும் பத்திரத்திலேயே, சீவிய உரித்தை வைத்துக்கொண்டால் காணி என் பெயருக்கு வரும்; அம்மா இருக்கும்வரை குடியிருப்பதும் வாடகை வாங்குவதும் அவர் உரிமை. நான் நாளைக்கு விற்றாலும், வாங்குபவர் அந்த உரித்தோடுதான் வாங்க வேண்டும்.

அடுத்தது, கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் உரிமை. அதை உறுதியில் எழுதிவைக்கலாம். எழுதாமல் மீளப்பெற முடியாததாகக் கொடுத்துவிட்டால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பெற்றவர் படுமோசமாக நன்றி கெட்டு நடந்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் ரத்துச் செய்ய முடியும். அம்மாவை அந்த வயதில் வழக்குக்கு அலைய விடுவதா? ரத்துரிமையை வைக்கச் சொன்னேன். வீட்டை ஈடுவைத்து வங்கிக் கடன் எடுக்க அது இடைஞ்சல் என்று அண்ணன் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

முத்திரை வரிதான் கையைக் கடித்தது. நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம். 50 லட்சம் பெறுமதி என்றால் 1,00,500 ரூபா. அதற்கு மேல் நொத்தாரிசு கட்டணம்.

உறுதி சிங்களத்தில் இருந்தது. வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னோம். வாடகை வருகிற இடத்தில் அம்மா கையை உயர்த்தி, "அத இன்னொருக்கா வாசிங்க" என்றார். வாசித்தார். அப்புறம்தான் பெருவிரலை மையில் வைத்தார். ஏற்றுக்கொள்கிறேன் என்று நானும் ஒப்பமிட வேண்டும். பெறுபவர் ஏற்காத நன்கொடை செல்லாது. சாட்சிகள் இருவர், அம்மாவை நன்கு தெரிந்த அயலவர்கள்.

காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு பிரதி எடுத்து, சீவிய உரித்து ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். சித்தியும் இதே மாதிரி செய்யக் கேட்டார். அவருடையது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. அதை நொத்தாரிசிடம் போய் இப்படி எழுதிவிட முடியாது, முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.