பழைய அலுவலக மினி பிசியை ஹோம் தியேட்டரில் மாட்டிப் பார்த்தது

அலுவலகங்கள் கழித்துக் கட்டும் மினி பிசிகள் ஒரு சாண் அகலம், இரண்டு விரல் தடிமன்தான். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. இந்த அமைப்புக்கு எடுத்தது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5-7500டி பெட்டி. திரை 1080பி, நடுவில் ஏவி ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கி, ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்.

ஆறாம் தலைமுறையை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. இப்போது புழங்கும் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்புகளில் பல 10 பிட், அதாவது நிறத்தை நுணுக்கமாகப் பதிபவை. அவற்றை முழுக்க வன்பொருளிலேயே விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆறாம் தலைமுறையில் அந்தச் சுமை பிராசஸர் தலையில் விழும். ஃபேன் இரையும், 4கே என்றால் படமும் திக்கும். ஏவி1 என்ற புதிய சுருக்க முறைக்கு வன்பொருள் உதவி பதினோராம் தலைமுறையில்தான். ஆனால் 1080பி ஏவி1-ஐ இந்த நான்கு கோர்களே சமாளித்துவிடும்.

வாங்கும்போது பிராசஸரைவிடப் பின்பக்கத் துளைகளைப் பார்ப்பது முக்கியம். ஏழாம் தலைமுறைக் காலத்து அலுவலகப் பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4. அதில் 4கே 30 ஹெர்ட்ஸ் வரைதான். ஹெச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருட்டையும் அகலமாகக் காட்டும் வசதி) எதிர்பார்க்கக் கூடாது. டிஸ்ப்ளேபோர்ட்டில் ஆக்டிவ் வகை (உள்ளே சிக்னலை மாற்றும் சிப் உள்ள) ஹெச்டிஎம்ஐ 2.0 அடாப்டர் போட்டால் 4கே 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மலிவான பாசிவ் அடாப்டரில் கிடைக்காது. 4கே ஹெச்டிஆர் டிவி வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டாமல் இன்டெல் என்100 பிராசஸர் உள்ள பெட்டியாகப் பார்ப்பது நல்லது. 1080பி திரைக்கு இது தாராளம்.

உள்ளே 4 ஜிபி ராம் இரண்டு. ஒற்றை 8 ஜிபியைவிட இது மேல், ஏனென்றால் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போடுகிறது. எஸ்எஸ்டி 120 ஜிபி போதும். படங்கள் தனி ஹார்ட் டிஸ்கில். ஹீட் சிங்கைக் கழற்றிக் காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டு, மிளகளவு புதுப் பேஸ்ட் வைத்தால் ஃபேன் சத்தம் காதுக்கே தெரியும்படி குறையும். கரண்ட் அடாப்டரில் ஒரு எச்சரிக்கை: சில பெட்டிகள் நடு முள் வழியாக அடாப்டரின் வாட் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பதில் வராவிட்டால் பிராசஸர் வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். படம் காரணமில்லாமல் திக்கினால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

மென்பொருள் லிப்ரெஎலெக், அதாவது கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் மட்டும் ஓடும் சிறிய லினக்ஸ். பென் டிரைவில் எழுதி, பயாஸில் (பிசி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) 'செக்யூர் பூட்' வசதியை அணைத்து, நிறுவினால் பத்து நிமிட வேலை. எஸ்எஸ்டியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இனிதான் உண்மையான வேலை. நிறுவியவுடன் திரை 60 ஹெர்ட்ஸில் நிற்கும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அதனால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் இந்த நொண்டல் அப்பட்டமாகத் தெரியும். பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யாதபோதும் படம் திக்குகிறது என்று பலர் பெட்டியைக் குறை சொல்வது இதனால்தான். கோடியின் பிளேயர் அமைப்பில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்' என்பதை 'ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்' என வைக்க வேண்டும். பிறகு எக்ஸ்பர்ட் நிலைக்கு மாறி, டிஸ்ப்ளே பகுதியின் வைட்லிஸ்டில் (கோடி பயன்படுத்தலாம் என்று நாம் அனுமதிக்கும் பட்டியல்) 1080பி-யின் 23.976, 24, 25, 50, 59.94, 60 எல்லாவற்றையும் டிக் செய்ய வேண்டும். 23.976-ஐ விட்டுவிட்டு 24 மட்டும் வைத்தால், ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரண்டு தடவை வந்து துள்ளும். 25-ம் 50-ம் நமக்குக் கட்டாயம் வேண்டும்: பால் (PAL) என்ற பழைய டிவி முறையில் வந்த விசிடி, டிவிடி எல்லாம் நொடிக்கு 25 ஃபிரேம்தான். ஹெர்ட்ஸ் மாறும்போது திரை சில நொடி கறுக்கும். மாற்றத்தின்போது நிறுத்திவைக்கும் நேரத்தை 3 நொடியாக வைத்தால் முதல் வசனம் தப்பாது.

ஒலிக்கு, பிசியின் ஹெச்டிஎம்ஐ நேராக ரிசீவருக்கு, அங்கிருந்து திரைக்கு. டிவிக்குப் போய் ஆர்க் (டிவியிலிருந்து ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வழி) வழியாகத் திரும்பினால் ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி என்ற உயர்தர ஒலி வடிவங்கள் இரண்டும் வராது. அதற்கு ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இஆர்க் வேண்டும். கோடியில் பாஸ்த்ரூவை (ஒலியைப் பிசி விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) இயக்கி, ரிசீவர் அறிந்த வடிவங்களை மட்டும் டிக் செய்யுங்கள். அறியாததை டிக் செய்தால் மௌனம் அல்லது கரகரப்பு. 'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே' அணைந்திருக்க வேண்டும். அது இயங்கினால் பாஸ்த்ரூ வேலை செய்யாது. ரிசீவருக்கு முன்பே பிசி விழித்துக்கொண்டால் ஒலி ஸ்டீரியோவாகச் சுருங்கலாம். திரை, ரிசீவர், கடைசியில் பிசி என்ற வரிசையில் போட்டால் சரியாகிவிடும்.

கறுப்பு சாம்பலாக வெளுத்தால், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவைப் பிசி 16-235 (லிமிடெட்) ஆக அனுப்புகிறது, டிவி 0-255 எதிர்பார்க்கிறது என்று பொருள். இருட்டுக் காட்சியில் தலைமுடியும் சட்டையும் ஒன்றாகக் கலந்து அப்பினால் அதற்கு நேர் எதிர். டிவி, பிசி இரண்டையும் 'ஆட்டோ'வில் விடாமல் லிமிடெட் என்று ஒன்றாக்குங்கள்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கோடி அடைவில் 'மீடியா', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' உறையில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் கோப்பு பழைய குறியேற்றத்தில் இருக்கிறது. யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் குறியேற்றத்துக்கு மாற்றிச் சேமியுங்கள்.

ஏர் மவுஸ் ரிமோட் (கையை அசைத்தால் திரையில் அம்புக்குறி நகரும் ரிமோட்) அடிக்கடி தொடர்பு விட்டால் பேட்டரியைப் பழிக்க வேண்டாம். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். பக்கத்துத் துளையில் இருக்கும் ரிமோட்டின் குட்டி யுஎஸ்பி ரிசீவர் காது கேளாமல் போகும். ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் அந்தக் குட்டி ரிசீவரைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் சித்திரை வெயிலில் ஃபேன் ஓயாது. பின்பலகையில் துளை போட்டு, நாலு பக்கமும் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். கரண்ட் போய் வந்ததும் தானே எழுந்துகொள்ள, பயாஸில் 'ஏசி ரெக்கவரி'யை 'பவர் ஆன்' ஆக்குங்கள். அப்படியும் எழவில்லை, கடிகாரமும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்றால் போர்டிலுள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் பயாஸ் அமைப்பு அழிகிறது. தேதி தவறினால் இணையச் சான்றிதழ்கள் செல்லாமல் ஆட்-ஆன்களும் திறக்காது. பேஸ்ட் மாற்றப் பெட்டியைத் திறக்கும்போதே அந்தப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.