ஐந்து வெடியும் ஒரு நட்சத்திரமும்

"தம்பி, அவர் எத்தனையோ வருசமாக இலக்குச் சுடுகிற ஆள். நீயும் நானும் துவக்கைக் கிட்டப் பார்த்தது செக்பொயின்றில். நாங்களா அவருக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

எங்கள் டீம் லீட் அண்ணை இதைக் கோபத்தில் சொல்லவில்லை. எங்கள் ஆப்பைப் பாவித்துப் பார்க்கிற ஓர் அமெரிக்கர் அனுப்பிய மெயிலைத் திரும்பவும் படித்துவிட்டு ஆறுதலாகத்தான் சொன்னார். அதனாலோ என்னவோ இன்னும் மனதில் கிடக்கிறது.

அமெரிக்காவில் வீட்டிலேயே கைத்துப்பாக்கி ரவை நிரப்புகிறவர்களுக்காக நாங்கள் கொழும்பு பம்பலப்பிட்டியில் இருந்து செய்து கொடுத்த ஆப் அது. சுட்ட வெறுங்கோதைப் பொறுக்கி, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடியான பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர், வெடிமருந்து, சன்னம் (பாய்ந்துபோகிற குண்டு) என்று வைத்து மூடுகிறார்கள். அப்புறம் மருந்தின் அளவைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படிக்கும் ஐந்து வெடி வைத்து, வேகமானியில் வேகத்தைப் பதிகிறார்கள். எந்தப் படியில் வேகம் குறைவாக அலைகிறதோ அதன் பக்கத்தில் ஆப் ஒரு நட்சத்திரம் போடும். சோதித்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. நான் நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னேன். அதற்குத்தான் அண்ணை அப்படிச் சொன்னார்.

1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் உள்ள நாட்டில் இருந்துகொண்டு, ஒருவர் தன் வீட்டு மேசையில் மருந்து நிறுக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அவர்கள் மருந்து நிறுக்கிற அலகு கிரெயின்; ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. அதிலும் பத்தில் ஒரு பங்கைக் கவனிக்கிறார்கள். அந்தக் கவனத்தின்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. அவ்வளவு பார்த்து நிறுக்கிறவருக்கு நாங்கள் அரைகுறையான பதிலைக் கொடுக்கலாமா?

கணக்கு இதுதான். ஐந்து வெடியில் வேகத்தின் நியம விலகல், அதாவது வெடிக்கு வெடி வேகம் அலைகிற அளவு, செக்கனுக்கு 10 அடி என்று வந்தால், 95 வீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான விலகல் 6க்கும் 29க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும்தான். 30 வெடி வைத்தால் அது 8க்கும் 13க்கும் இடையில் ஒடுங்கிவிடும். ஆகவே ஒரு படியில் 8, அடுத்த படியில் 12 என்று வந்தால், 8க்கு நட்சத்திரம் போடுவது கிட்டத்தட்டப் பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரித்தான்.

அண்ணைக்கு இது விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். "அவருக்கும் தெரியும். முப்பது முப்பதாகச் சுட பிரைமருக்கு எங்கே போறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2020க்குப் பிறகு அங்கே பிரைமர் தட்டுப்பாடு வந்து, கிடைத்ததும் கடும் விலைக்குத்தான் கிடைத்தது. ஐந்து படிக்கு முப்பது என்றால் 150 ரவை.

ஆனால் நான் விடாமல் நின்றதற்கு வேறு காரணமும் இருந்தது. அந்த மெயிலோடு வந்த அட்டவணையில் நட்சத்திரம் விழுந்தது மேல் படியில், ரவை நிரப்புகிறவர்களின் கையேடு இதற்குமேல் ஆபத்து என்று தருகிற உச்ச அளவுக்குக் கிட்ட. வேகமானி அழுத்தத்தை அளப்பதில்லை. வேகம் அலையவில்லை என்பதால் துவக்கின் அறைக்குள் எல்லாம் சரி என்று ஆகாது. "உச்சத்தைத் தாண்டவில்லைத்தானே" என்றார் அண்ணை. தாண்டவில்லைதான். ஆனாலும் நட்சத்திரம் என்பது "இங்கே வா" என்று கூப்பிடுகிற அடையாளம்.

முடிவில் அண்ணையே கையெழுத்து வைத்தார். நட்சத்திரத்துக்குக் கீழே, தரவு குறைவு என்று ஒரு சின்ன வரி போட்டார்கள்.

பிறகு ஒருநாள் நான் வேறொரு கணக்குப் போட்டேன். மெயில் அனுப்பிய அந்த மனிதர் சுடுவது .38 ஸ்பெஷல் என்ற வகை ரவையில், 25 மீற்றர் தூரத்தில், தட்டையான மூக்குள்ள சன்னம். வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 700 அடி. அதில் 10 அடி கூடினாலோ குறைந்தாலோ, ஈர்ப்பால் சன்னம் இறங்குவதில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர்தான். சர்வதேசப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீற்றர். அப்படியென்றால் நாங்கள் இருவரும் வாதாடிய எண், அவருடைய புள்ளியை அசைக்கிற எண்ணே இல்லை. அவருக்குத் தேவையானது அட்டையில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கம் என்பதும், கை அலுக்காத மெல்லிய உதைப்பும். இலக்குச் சுடுகிறவர்கள் இலேசான அளவையே விரும்புவதும் அதற்காகத்தான்.

அந்த இலேசான அளவிலும் ஓர் ஆபத்து உண்டு. .38இன் கோது, கூட இடம் பிடிக்கிற பழைய கரிமருந்துக் காலத்து நீளம். கொஞ்ச மருந்து போட்டால் உள்ளே நிறைய இடம் மிச்சம். கவனம் தவறி இரண்டு தரம் ஊற்றினாலும் வழியாது, அதனால் பிழை கண்ணில் படாது. சன்னம் வைக்கமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் பிடித்துப் பார் என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான். எங்கள் ஆப்பில், பார்த்தாயிற்று என்று சரி போட ஒரு பெட்டிகூட இல்லை. நானும் கேட்கவில்லை, அண்ணையும் கேட்கவில்லை. எங்களுக்கு வந்த வேலை வேகம் மட்டும்தான் என்று சொல்லலாம். அது உண்மைதான்.

அண்ணை சொன்னதில் பாதி சரி என்று இப்போது படுகிறது. ஆனால் எந்தப் பாதி? துவக்கைத் தொடாதவன் பேசக்கூடாது என்றால், அந்த நட்சத்திரத்தைப் போட்டதும் துவக்கைத் தொடாத நாங்கள்தானே. போன மாதம் புது வேர்ஷன் சோதனைக்கு வந்தது. நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. உச்ச அளவுக்குக் கிட்ட இருக்கிற படிகளுக்கு மட்டும் அதை எடுக்கச் சொல்லித் திரும்பவும் எழுதியிருக்கிறேன். இந்த முறை முப்பது வெடிக் கணக்கை அதில் சேர்க்கவில்லை.