மூன்று நாள் வேடம்

ஜூன் 10, 2024, திங்கள், கானாடுகாத்தான்

காலையில் காரைக்குடியில் பஸ் இறங்கி இங்கே வந்து சேர்ந்தேன். போர்க்காலத் தொடர் ஒன்றில், ஒரே எபிசோடில் வந்து போகும் வேடம். 1942 கோடையில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பும் ஓர் அடுத்தாள். வட்டிக்கடையில் ஏஜெண்டுக்கு அடுத்து இருப்பவர். ஏஜெண்டு வழியிலேயே இறந்துவிட்டார். பெட்டிச் சாவியையும் ஒரு பேரேட்டையும் அவர் வீட்டு ஆச்சியிடம் ஒப்படைக்க வேண்டும். கதையில் என் பங்கு அவ்வளவுதான்.

ஒன்றரைப் பக்க வசனம் கொடுத்திருக்கிறார்கள். காடு, மழை, காலரா, பிணங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழ வேண்டும். நல்ல எழுத்துதான். ஆனாலும் இந்த மனிதர் இவ்வளவு பேசுவாரா என்று படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை.

படப்பிடிப்பு வீட்டின் வளவில், அதாவது உள் முற்றத்தில், ஒரு தேக்குத் தூணைக் கட்டிப் பார்த்தேன். என் கைகளுக்குள் அடங்கவில்லை. பர்மாத் தேக்கு. அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டியார்களுக்கு, 1930க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கொடுத்த கடன் திரும்பாமல், ஈடாக வந்த நிலங்கள் கையில் தங்கின. 1937இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர், அவர்களிடம் இருந்தது. நிலத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? நாளை மறுநாள் நான் நிற்கப்போவது இந்தத் தூணுக்குப் பக்கத்தில்.

ஜூன் 11

இன்று எனக்கு ஷாட் இல்லை. வீட்டுக்கார ஆச்சியோடு பட்டாலை மேடையில் உட்கார்ந்திருந்தேன். எண்பதைத் தாண்டியவர். வேடத்தைப் பற்றிச் சொன்னதும், "எங்க ஐயாவும் நடந்துதான் வந்தாக" என்றார்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச் 8இல் ஜப்பான் படை நகரத்துக்குள் வந்துவிட்டது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்கு மலையேறி நடந்தார்கள். திமாப்பூருக்கு வந்தால்தான் ரயில். இதெல்லாம் நான் படித்து வைத்திருந்தது. வழியில் என்ன நடந்தது, ஐயா என்ன சொல்லுவார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாக தம்பி. ராத்திரி தலைமாட்டுல செம்பு நிறையத் தண்ணி இருக்கணும். நடுச்சாமத்துல எந்திரிச்சு, செம்பு நெறஞ்சிருக்கான்னு தொட்டுப் பாப்பாக. குடிக்க மாட்டாக. பாத்துட்டுப் படுத்துக்குவாக. சாகுற வரைக்கும் அப்படித்தான்."

அதற்கு மேல் எனக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. சாயங்காலம் இயக்குநரிடம் போய், வசனத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மூன்று நாள் வேலைக்கு வந்தவன் கேட்கக்கூடாத கேள்வி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, செய்து காட்டுங்கள் என்றார்.

ஜூன் 12

காலில் கொப்புளம் வைக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. செருப்பில்லாமல் தெருவில் நடந்து, திண்ணை ஏறி, முகப்பு தாண்டி வளவுக்குள் வர வேண்டும். வெயிலில் கிடந்த சரளை சுட்டது. உள்ளே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பாதத்தில் பட்டதும், அந்தக் குளிர்ச்சியிலேயே கால் நின்றுவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை. ஒளிப்பதிவாளர் அதைப் பிடித்துவிட்டார்.

ஆச்சி வேடத்தில் நடித்த அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தார். அண்ணாந்து இரண்டு மடக்கு. மூன்றாவது மடக்குக்கு முன்னால் நிறுத்தி, பக்கத்தில் அடுத்த ஆளிடம் கொடுக்கக் கையை நீட்டினேன். யாரும் இல்லை. அத்தனை நாளாகப் பங்கு போட்டுக் குடித்த கை அது. நீட்டிய கையைத் திரும்ப எடுக்கத்தான் நேரம் பிடித்தது. அப்புறம் சாவியையும் பேரேட்டையும் வைத்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கு ஆச்சி, பாத்துக்கங்க" என்றேன். ஒன்றரைப் பக்கத்தில் மிஞ்சியது அந்த ஒரு வரி.

இரண்டாவது டேக்கில் ஓகே. வீட்டுக்கார ஆச்சி மானிட்டர் பக்கம் வரவே இல்லை. கதவோரம் நின்று பார்த்தவர், செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஜூன் 13

ரயிலில் எழுதுகிறேன். கணுக்காலில் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளம்பும்போது ஆச்சி வாசல் வரை வந்து, பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்து, "வழியில வச்சுக்கங்க தம்பி" என்றார். திருச்சி வரப்போகிறது. இன்னும் திறக்கவில்லை.