ஒரே பக்கம் திரும்பியிருந்த கழுத்து

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கமிருந்து அந்த அம்மா காலை எட்டரைக்கே வந்து என் மேசை முன்னால் நின்றார். அந்த மாத உதவிப் பணம் வங்கிக்கு வரவில்லை என்றார். கோவையை எடுத்துப் பார்த்தேன். பழைய அடையாள அட்டை, ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வி எழுத்தும். நடுவில் 6 இருந்த இடத்தில் நான் 8 என்று அடித்திருந்தேன். அந்த ஒரு இலக்கத்தால் அவர் மருந்துக்குக் கடன் வாங்கியிருந்தார். "பரவாயில்ல மனே, அடுத்த மாசம் வருந்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்தப் பட்டியலை அடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாலை மூன்றரை மணி. இடப்பக்கத் தோளிலிருந்து பிடரி வரை எரிந்துகொண்டிருந்தது. எப்படியாவது முடித்துவிட்டு எழும்பினால் போதும் என்றுதான் அடித்தேன்.

நான் முகாமைத்துவ உத்தியோகத்தர். வயது 38. கழுத்து நோ தொடங்கி அப்போது ஏழு மாதம். லீவு எடுக்காமல் தினமும் வந்து கைரேகை வைத்தேன், அதனால் வேலை நடக்கிறது என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அரைமணி நேரக் கடிதம் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஒரே வரியை மூன்று தரம் வாசிப்பேன். பின்னேரமானால் பின்மண்டையில் தொடங்கும் வலி கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். வீட்டுக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலம் கடந்து வலப்பக்கம் திருப்ப வேண்டும். பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்க்கக் கழுத்து திரும்பாது, ஸ்கூட்டியில் இடுப்போடு சேர்த்துத்தான் திரும்புவேன்.

அதற்குள் செய்யாத வைத்தியம் இல்லை. அம்மா நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தார், அது இரவுக்கு இதமாகத்தான் இருந்தது. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டேன். பார்மசியில் வலிக் குளிசை வாங்கி விழுங்கி வயிறு புண்ணானது. கழுத்துப் பட்டி ஒன்று வாங்கி மூன்று கிழமை கழற்றாமல் போட்டேன். ஐந்து நாள் லீவு போட்டுப் படுத்தும் பார்த்தேன். நோ குறைந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டது.

அந்த அம்மா வந்துபோன கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்: கை விறைக்கிறதா, விரலில் பலம் குறைந்து பொருட்கள் நழுவுகின்றனவா, நடக்கும்போது கால் தடுமாறுகிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, காய்ச்சல் இருக்கிறதா, விழுந்தோ விபத்திலோ அடிபட்டதா. எனக்கு எதுவும் இல்லை. உங்களுக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும், நான் கீழே எழுதும் பயிற்சிகளோடு நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம் என்றதும் பயந்துவிட்டேன். நோவே இல்லாத எத்தனையோ பேருக்கும் இந்தத் தேய்மானம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். பட்டியைக் கழற்றச் சொன்னார். நெடுநாள் போட்டால் கழுத்துத் தசைகள் வேலை இல்லாமல் பலம் இழந்துவிடுமாம். பிசியோவுக்குத் துண்டு எழுதித் தந்தார்.

பிசியோ மிஸ் கழுத்தைத் தொடும் முன்பே ஒரு கதிரையைப் போட்டு, "அலுவலகத்தில எப்படி இருப்பீங்க, செய்து காட்டுங்க அக்கா" என்றார். செய்து காட்டினேன். நடுவில் மடிக்கணினி, இடக்கைப் பக்கம் மேசையில் படுத்திருக்கும் கோவை. குனிந்து இடப்பக்கம் பார்ப்பேன், நிமிர்ந்து அடிப்பேன், மறுபடி இடப்பக்கம். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் இப்படிப் போகுது?" என்று கேட்டார். ஒரு படிவத்துக்குப் பத்துத் தரம், அறுபது படிவம். கணக்குப் பார்த்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தலையின் பாரம் சுமார் 5 கிலோ. 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதையும் கையை நீட்டிப் பிடிப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2014இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை நிபுணர் ஒருவர் கணினி மாதிரியில் கணக்கிட்டபடி, தலையை 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு வரும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ. நான் குனிந்தது அவ்வளவு இல்லை, ஆனால் நாள் முழுக்கக் குனிந்தேன்.

மிஸ் தந்த பயிற்சிகள் மிக எளிமையானவை. நாடியை நேராகப் பின்னால் இழுத்து ஐந்து விநாடி பிடிப்பது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவது, பிறகு பக்கங்களிலும் பின்மண்டையிலும் அப்படியே. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது. ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கச் சொன்னார். பின்லாந்தில் கழுத்து நோவுள்ள 180 அலுவலகப் பெண்களை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. கழுத்தைப் பலப்படுத்தியவர்களுக்கு, இழுப்புப் பயிற்சியும் ஏரோபிக் பயிற்சியும் மட்டும் செய்தவர்களைவிட நோ நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். எனக்கு மூன்றாம் கிழமை வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

அலுவலகத்தில் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. "சேர், லீவு கேட்டு வரல்ல. ஒரு கீபோர்டும் மவுசும் வேணும்" என்றேன். இந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை என்றார். சரி என்று சொந்தக் காசில் வாங்கினேன். களஞ்சியத்தில் ஏ4 கடதாசிக் கட்டு மூன்று தந்தார்கள். ஒரு கட்டு 5 சென்டிமீற்றர் உயரம், மூன்றின் மேல் மடிக்கணினியை வைத்தால் திரை கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஆரையம்பதியில் தச்சரிடம் சொல்லிக் கோவையைச் சாய்த்து வைக்கப் பலகைத் தாங்கி ஒன்று செய்வித்துத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அரைமணிக்கு ஒருதரம் எழும்பி நடக்கிறேன். உத்தியோகத்தர்களின் பதவியைப் பார்த்துத்தான் எங்கள் அலுவலகத்தில் நல்ல கதிரை கொடுக்கிறார்கள். எட்டு மணி நேரம் அடிப்பவருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறாம் கிழமை, பாலம் கடந்து வலப்பக்கம் திருப்பும்போது தலை தானாகப் பின்னால் திரும்பியது. வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

பயிற்சி தொடங்கி இன்றைக்கு எட்டு மாதம். முன்பு அறுபது படிவத்தில் ஐந்தாறு திருத்தம் வரும். இப்போது எண்பது முடிக்கிறேன், ஒன்றிரண்டுதான் வருகிறது. மாதக் கடைசி நெருக்கத்தில் நோ இன்னும் எட்டிப் பார்க்கும், பயிற்சியைத் தவறவிட்ட கிழமைகளில் நிச்சயமாக வரும். அடுத்த ஆண்டுக்கான பொருட்கோரலில் எங்கள் பிரிவுக்கு ஆறு கீபோர்டு, ஆறு மவுஸ், ஆறு கோவைத் தாங்கி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை கையொப்பத்துக்குப் போனது.